பச்சை மை போட்ட பெட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? இருபத்திரண்டு வருஷமாக நொறுங்கிய கார்களின் பக்கத்தில் நின்று அவற்றின் சொந்தக்காரர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் நான். "பக்கத்துத் தெருவுக்குத்தானே சார் போனேன், அதுக்கெல்லாமா பெல்ட் போடுவாங்க?" என்பார் ஒருவர், நெற்றியில் ஏழு தையலோடு. "ஃபுல் இன்சூரன்ஸ் சார், டயர் தேய்ஞ்சதுக்கும் சேத்து எழுதிடுங்க" என்பார் இன்னொருவர். நான்தான் மெதுவாகப் போகிறேனே, எனக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்களைத் தினமும் பார்க்கிறேன். மெதுவாகப் போகாத எவனோ எதிரில் வருவான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

இந்த மாதிரி நம்பிக்கைகளை எங்கே கண்டாலும் நான் விடமாட்டேன். கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, வாயைக் கொடுத்தவர் அரைமணி நேரம் மாட்டிக்கொள்வார். என் தங்கை நான் வருவதைப் பார்த்தால், "யாரும் காரைப் பத்திப் பேசிடாதீங்க, பச்சைப்பேனா வர்றாரு" என்று எல்லோரையும் உஷார்படுத்துவாள்.

பச்சைப்பேனா என்ற பெயருக்குக் காரணம் உண்டு. விபத்தில் போன உதிரிபாகம் எதுவும் திரும்ப வண்டியில் ஏறக்கூடாது. அதற்காக, கழித்துக்கட்டிய ஒவ்வொன்றின் மேலும் பச்சை மையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் குறுக்குக்கோடு இழுப்பேன். பதிலுக்கு வரும் புதுப் பாகத்தைப் பெட்டி பிரிப்பதற்கு முன்பே பார்த்து, பெட்டியின் மேல் வண்டி எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வைப்பேன். பிறகு அதை வண்டியில் பொருத்தியதும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது வேலையைத்தான் சில சமயம் செய்யாமல் விட்டிருக்கிறேன். பெட்டி வந்துவிட்டது, பட்டறைக்காரர் தெரிந்தவர், வெளியே இன்னும் ஒன்பது வண்டிகள் காத்திருக்கின்றன என்றால் யாருக்குத்தான் இரண்டாம் முறை வரத் தோன்றும்? பொருத்தியாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன்.

தங்கை கார் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. சாம்பல் நிறத்தில் பழைய வண்டி ஒன்றை மாப்பிள்ளை தன் சிநேகிதர் மூலமாகப் பிடித்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முன்பணம் கொடுத்துவிட்டார். ஊரார் காரையெல்லாம் பார்க்கிறவன் நான், சொந்தத் தங்கையின் காரை வாங்கிய பிறகுதான் எனக்குக் காட்டுகிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தோடுதான் வண்டி வந்த அன்றைக்கு அவர்கள் வாசலில் போய் நின்றேன்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். முதலில் சிவப்பு, பிறகு சாம்பல் என்று நிறம் மாற்றியதற்கான குறிப்பு இருந்தது.

"எதுக்கு கலரை மாத்தினாங்களாம்?" என்றேன்.

"சிவப்பு வண்டின்னா இன்சூரன்ஸ் ஜாஸ்தியாம், மச்சான். அதான் மாத்திட்டாராம்" என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான், எனக்குத் தேன் குடித்த மாதிரி ஆகிவிட்டது. சிரித்தேன். பிறகு ஆரம்பித்தேன். கம்பெனிக்காரனுக்கு வண்டியின் வயது வேண்டும், எஞ்சின் அளவு வேண்டும், இதற்கு முன் நஷ்டஈடு வாங்கியிருக்கிறதா என்பது வேண்டும், சிவப்பா பச்சையா என்று எந்தக் கம்பெனியும் பார்ப்பதில்லை என்றேன். படித்தவர்களே இப்படி இருந்தால் என்ன செய்வது என்றேன். மாப்பிள்ளை காதைத் தடவிக்கொண்டு நின்றார். பேசிக்கொண்டே சாவியைத் திருப்பினேன். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைந்தது. "விளக்கு அணைஞ்சா பை சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று தங்கையிடம் சொன்னேன். பேசிக்கொண்டே பெல்ட்டை இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று இழுத்தால் அது இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படி இழுத்துப் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. நினைவில் இருப்பதெல்லாம் என் பேச்சுத்தான்.

ஒரு முழு வண்டிக்கு யாராவது வேலை மெனக்கெட்டு நிறம் மாற்றுவார்களா, எதை மறைக்க மாற்றினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளை சொன்ன காரணம் முட்டாள்தனமானது என்று நிரூபிப்பதிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

"பெல்ட் போடாட்டி கத்திக்கிட்டே இருக்குண்ணா இது" என்றாள் தங்கை, மணி அடிப்பதைக் காட்டி.

"கத்தட்டும். உனக்கு அதுதான் சரி. பெல்ட் போடாம வண்டியை நகர்த்தினேன்னு தெரிஞ்சுது, சாவியைப் பிடுங்கிடுவேன். அப்புறம், ஓட்டும்போது போன் கூடாது. ஸ்பீக்கர்ல பேசினா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு கூட்டம் சுத்துது. கை சும்மா இருந்தா போதுமா, புத்தி வேற எங்கேயோ போயிடுதே."

"யாரு போனையும் எடுக்க மாட்டேன். உன் போனை மட்டும் எடுப்பேன்."

"என் போனையும்தான் எடுக்காதே."

"அது மட்டும் முடியாது" என்றாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் நான்கு முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே கூப்பிட்டபோது, அம்மா நன்றாக இருக்கிறார்கள், நீ வா என்றேன். அவள் வந்து சேர்வதற்கு அரைமணி நேரம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு, இருந்தவரை, அவள் என் அழைப்பைத் தவறவிட்டதே இல்லை. அது தெரிந்து, அவள் வேலைக்குப் போகும் வரும் நேரங்களில் நான் போனைத் தொடவே மாட்டேன்.

அந்தப் புதன்கிழமை காலை நல்ல மழை. லாரியில் மோதிய வேன் ஒன்றைப் பார்க்க எட்டு மணிக்கே பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரருக்குச் சுத்தியல் என்று பெயர். அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் வேறு ஏதோ, அது யாருக்கும் தெரியாது. தகரக் கூரை ஒழுகி என் காகிதங்களில் சொட்டியது. அவற்றைக் காப்பாற்ற உதிரிபாகங்கள் வைத்திருக்கும் அறைக்குள் நுழைந்து, ஏதோ அட்டைப்பெட்டிகளின் மேல் பையை வைத்தேன்.

கீழே இருந்த பெட்டியில் பச்சை மை தெரிந்தது.

என் எழுத்து. என் கையெழுத்து. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. பெட்டியின் மேல் கம்பெனியில் ஒட்டிய பட்டை கிழியாமல் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் அதே எண்ணோடு இன்னொரு பெட்டி. ஒன்றில் ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட், இன்னொன்றில் ஸ்டீயரிங்கில் வைக்கும் ஏர்பேக். தினமும் பத்து வண்டி எண்கள் என் கண்ணில் படும், ஒன்றும் மனதில் நிற்காது. இந்த எண் நின்றது. போன மாதம் தங்கையின் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க நானே உட்கார்ந்து பூர்த்தி செய்த படிவத்தில் எழுதிய எண் அது.

ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்தேன். எண் மாறவில்லை.

"சுத்தியல்!" என்று போட்ட சத்தத்தில் அவர் ஓடிவந்தார். "இது என்ன, இது ஏன் இங்க இருக்கு?"

பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கே சொல்லிவிட்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொப்பென்று தரையில் வைத்தார்.

"அது ஒரு சிவப்பு வண்டி சார். முன்பக்கம் மொத்தமா போயிருந்துச்சே, ஞாபகம் இல்ல? ஓனர் விக்கிற அவசரத்துல இருந்தார். நீங்க பெட்டியைப் பாத்து கையெழுத்துப் போட்டுட்டீங்க, திரும்ப வரல. அப்புறம்..."

"அப்புறம்?"

"புதுசை வெளியில வித்துக்கலாம்னு, வெடிச்ச பைக்கு மேல வெறும் மூடியைப் போட்டோம். விளக்கு எரியாம இருக்க உள்ள ஒரு சின்ன சாமான் வெச்சா போதும் சார், வண்டி பை இருக்குன்னு நெனச்சுக்கும்."

"பெல்ட்?"

"பழசையே போட்டோம். உள்ள இறுகிப் போயிருந்துச்சு. பிரிச்சு, சிக்கினதை எடுத்து விட்டுட்டோம். நல்லாத்தான் சார் இழுபடுது."

"இழுபடும். பிடிக்குமா?"

அவர் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இதை வித்துத் தொலைச்சிருக்கலாமே, இன்னும் ஏன்யா வெச்சிருக்கே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அடிக்கக் கை ஓங்கியிருந்தேன்.

"உங்க கையெழுத்து இருக்குல்ல சார். பெட்டியோட யாரும் வாங்க மாட்டாங்க, பெட்டி இல்லாம புதுசுன்னு நம்ப மாட்டாங்க" என்றார். கையைக் கீழே போட்டுவிட்டேன். அவரை அடிக்க எனக்கு என்ன யோக்கியதை?

மணி எட்டு இருபத்தைந்து. மாப்பிள்ளையை அழைத்தேன்.

"அவ கிளம்பிட்டாளா?"

"பதினஞ்சு நிமிஷம் ஆச்சே. என்ன மச்சான், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

என் தவறை அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. முதலில் அவள் வந்து சேரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்ல. மழையாச்சேன்னு கேட்டேன். அவளுக்கு போன் எதுவும் போட்டுடாதீங்க."

"நான் போட்டா எங்க எடுக்கறா? நீங்க போட்டாத்தான் எடுப்பா" என்று சிரித்தார்.

அழைத்தால் எடுப்பாள். மழையில், அவள் போகும் வழியிலுள்ள பாலத்தின் மேல், பிடிக்காத பெல்ட்டை மாட்டிக்கொண்டு, காலி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து எடுப்பாள். வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்று மாதமாக அந்த வண்டியில்தான் போய்வருகிறாள், இன்னும் அரைமணி நேரம் போகமாட்டாளா? அவள் வேலைசெய்யும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் வாசலில் போய் நிற்பேன், வந்து இறங்கியதும் சாவியை வாங்கிக்கொள்வேன். இரண்டு பெட்டிகளையும் என் வண்டியின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பட்டறையிலிருந்து அங்கே போகப் பாலம் ஏற வேண்டியதில்லை, உள்தெருக்கள் வழியாகவே போய்விடலாம்.

எட்டு நாற்பத்தைந்துக்கு வாசலில் இருந்தேன். எட்டு ஐம்பதுக்கு வந்துவிடுவாள், ஒரு நிமிஷம் முன்பின் ஆகாது. ஐம்பது ஆயிற்று, ஐம்பத்தைந்து ஆயிற்று. குடையின் கீழ் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"மேடம் இன்னும் வரல சார். பாலத்துல ஏதோ லாரி நின்னு போச்சாம். இன்னிக்கு எல்லாரும் லேட்டுதான்."

மூச்சு வந்தது. நெரிசலில் நிற்கிறாள், நிற்கிற வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அப்போது அழைத்திருக்கலாம். நின்ற வண்டியில் எடுத்திருப்பாள், நான் விஷயத்தைச் சொல்லியிருப்பேன், அவள் திட்டியிருப்பாள், அங்கேயே ஓரம்கட்டியிருப்பாள். ஆனால் ஓட்டும்போது அழைக்கக்கூடாது என்பது என் சட்டம். ஊருக்கெல்லாம் போட்ட சட்டத்தை நானே எப்படி மீறுவது? போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வந்த ஒவ்வொரு வண்டியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளை, நீலம், வெள்ளை. அவற்றுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் பெல்ட் போட்டிருந்தார்கள். எத்தனை பெல்ட் பிடிக்கும், எத்தனை வெறும் நாடா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. எத்தனை பெட்டிகளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகாமல் இருந்திருப்பேன் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, பயந்து நிறுத்திக்கொண்டேன்.

ஒன்பது ஐந்துக்கு அவளோடு வேலைசெய்யும் பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் நனைந்து வந்து இறங்கினாள். என்னை அவளுக்குத் தெரியும்.

"பாலம் இப்பதான் க்ளியர் ஆச்சு சார். நான் சந்துல பூந்து வந்துட்டேன். இறக்கத்துல வேற ஒரு கார் கைப்பிடிச்சுவத்துல மோதி நிக்குது. முன்பக்கம் அப்பளம்."

"என்ன கலர்?"

"சாம்பல்" என்றவள், என் முகத்தைப் பார்த்து, "நம்பர் எல்லாம் பாக்கல சார்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சட்டமும் இல்லை, புத்தியும் இல்லை. விரல் தானாகவே அவள் பெயரை அழுத்தியது. எடு, எடு என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுண்ணா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மோதி நின்றது வேறு யாருடைய வண்டியோ. அந்த ஒரு நொடி நான் அனுபவித்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"எங்க இருக்கே?"

"இருபது நிமிஷம் பாலத்து மேலயே நின்னேன். இப்பதான் விட்டாங்க, இறங்கிக்கிட்டிருக்கேன்." வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். எல்லோரும் இழந்த இருபது நிமிஷத்தைப் பிடிக்கப் பறந்துகொண்டிருப்பார்கள்.

"சரி, வெச்சிடு. வெச்சிட்டு மெதுவா..."

"எதுக்கு போன் பண்ணே?" என்றாள். குரல் மாறியிருந்தது. "இந்த நேரத்துல நீ போடவே மாட்டியே. அப்பாவுக்கு என்ன?"

"அப்பா நல்லா இருக்கார், பாப்பா. நீ முதல்ல ஓரமா நிறுத்து."

"எதுக்கு நிறுத்தச் சொல்றே? அம்மாவுக்கும் இப்படித்தான், நல்லா இருக்காங்க, நீ வான்னு சொன்னே."

"இல்லம்மா, சத்தியமா இல்ல. உன் பெல்ட்..."

"போட்டிருக்கேண்ணா! பெல்ட்டும் போட்டிருக்கேன், ஸ்பீக்கர்லதான் பேசறேன், எல்லாம் நீ சொன்னபடிதான் பண்றேன். அப்பாவுக்கு என்னன்னு மட்டும் சொல்லிடு, நான் அப்படியே திரும்பி..."

பிரேக் பிடித்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. சுத்தியல் அந்தப் பெட்டியைத் தரையில் வைத்தபோது கேட்டதே, அந்த மாதிரி கனமாக ஒரே ஒரு சத்தம்.

"பாப்பா" என்று கூப்பிட்டேன். வாட்ச்மேன் குடையை விட்டுவிட்டு எழுந்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தொடர்ந்து கூப்பிட்டேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று கத்தினேன். போன் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கத்தில் வைப்பர் கண்ணாடியை இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. பெல்ட் போடாவிட்டால் விடாமல் கத்துகிற அந்த மணிகூட அடிக்கவில்லை. என் தங்கை பெல்ட் போட்டிருந்தாள்.